மனித உரிமைக்கு ஒப்பந்தம், எஜமானனுக்கு விலக்கு!

செயற்கை நுண்ணறிவு என்ற புதிய யந்திர சக்தியைக் கட்டுப்படுத்த வேண்டும், அதனிடமிருந்து மனித உரிமைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று உலகத்தின் பெரிய தலைநகரங்களில் மகாநாட்டுக்கு மேல் மகாநாடு நடக்கிறது. பிரகடனங்கள் வெளியாகின்றன. ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின்றன. மந்திரிகள் வரிசையாக நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். மெத்த சந்தோஷம்!

ஆனால் அந்த ஒப்பந்தங்களைக் கையில் எடுத்து ஷரத்து ஷரத்தாகப் படித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. உரிமை எங்கே அதிகமாக மிதிபடுகிறதோ, அந்த இடத்துக்குள் சட்டம் நுழையாதபடி வாசலில் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். பூட்டுக்கு இரண்டு சாவிகள். ஒன்று ‘தேசப் பாதுகாப்பு’ என்ற பெயரில் சர்க்காரின் கையில். மற்றொன்று ‘தொழில் வளர்ச்சி’ என்ற பெயரில் முதலாளியின் கையில். இந்தப் பூட்டை உடைக்காத எந்த ஒப்பந்தமும் உழைப்பாளிக்கு வெறும் காகிதமே!

நமக்கென்ன வந்தது?

“இது படித்தவர்கள் சமாசாரம். கல்மண்டபத்தில் மூட்டை தூக்குகிறவனுக்கும் மீன் விற்கிறவளுக்கும் இதில் என்ன வந்தது?” என்று சிலர் கேட்கிறார்கள். பதில் சொல்கிறோம்.

நம் தெருவில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்து மோட்டார் சைக்கிளில் பறக்கும் வாலிபனைப் பாருங்கள். அவனுக்கு மேஸ்திரி ஒரு செல்போன். எந்த வேலை, எவ்வளவு கூலி, எத்தனை மார்க்கு என்று எல்லாவற்றையும் அதற்குள்ளிருக்கும் கணக்கு முடிவு செய்கிறது. ஒரு நாள் காலையில் ‘ஐ.டி. பிளாக்’ என்று வந்தால் அத்தோடு வேலை போயிற்று. காரணம் கேட்க ஆபீசும் கிடையாது. பதில் சொல்ல ஆளும் கிடையாது.

ரேஷன் கடைக்கு வாருங்கள். இறால் உரித்தும் கயிறு இழுத்தும் ரேகை தேய்ந்துபோன விரலைக் கைரேகை யந்திரம் ஏற்க மறுக்கும்போது, தான் தான்தான் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் அரிசி வாங்க வந்த கிழவியின் தலையில் விழுகிறது. அடுத்த படியாக, அங்கன்வாடியில் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுக்கும் முகத்தைப் படம் பிடித்து யந்திரம் ஒப்ப வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2025 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கியது. கர்ப்பிணியின் வயிறு கண்ணுக்குத் தெரிகிறது. யந்திரத்துக்கு அவள் முகம் தெரிய வேண்டுமாம்!

யந்திரத்தின் தீர்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தெலங்கானா சாட்சி. அங்கே ‘சமக்ர வேதிகா’ என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு, பல இலாகாக்களின் விவரங்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, யாருக்கு வண்டி இருக்கிறது, யாருக்குச் சொத்து இருக்கிறது என்று சலித்துக் கொடுத்தது. நேரில் போய் விசாரிக்காமலே கார்டுகளை ரத்து செய்துவிட்டார்கள் என்று வழக்குப் போயிற்று. ரத்தான சுமார் 19 லட்சம் ரேஷன் கார்டுகளையும் நேரில் சரிபார்க்கும்படி 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட வேண்டி வந்தது. அதற்குள் பட்டினி கிடந்த நாட்களுக்கு யார் கணக்குச் சொல்வது? யந்திரமா? அதை விற்ற கம்பெனியா? பொத்தானை அழுத்திய அதிகாரியா? ஒருவரும் இல்லை!

ஒப்பந்தங்களின் லட்சணம்

இப்போது சர்வதேச ஏற்பாடுகளைப் பார்ப்போம். 2021 நவம்பரில் யுனெஸ்கோ ஒரு நெறிமுறைப் பரிந்துரையை நிறைவேற்றியது. நல்ல வார்த்தைகள் நிறைய உண்டு. கட்டுப்படுத்தும் சக்தி இல்லை. 2024 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தை ஓட்டெடுப்பில்லாமல் ஏற்றது. அதுவும் யாரையும் கட்டுப்படுத்தாது. இராணுவம் சாராத துறைகளுக்கு மட்டுமே அது பேசுகிறது.

கட்டுப்படுத்தும் சக்தியுள்ள முதல் சர்வதேச ஒப்பந்தம் என்று கொண்டாடப்படுவது ஐரோப்பியக் கவுன்சில் 2024 மே மாதம் ஏற்ற ஒப்பந்தம். மனித உரிமை, ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி என்று மூன்று மணியான வார்த்தைகள் அதன் பெயரிலேயே இருக்கின்றன. உள்ளே என்ன? தேசப் பாதுகாப்புக்கான காரியங்களுக்கு அதை அமுல்படுத்த வேண்டிய கட்டாயமில்லை. தேசப் பாதுகாப்புப் படைகளின் விவகாரம் முழுக்க வெளியே. தனியார் கம்பெனிகள் விஷயத்தில், ஒப்பந்தக் கடமைகளை நேரடியாகச் சுமத்துவதா, வேறு ‘தகுந்த நடவடிக்கை’ எடுப்பதா என்பதை அந்தந்த சர்க்காரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இரண்டு சாவிகளும் ஒரே கொத்தில்!

2024 செப்டம்பர் 5-ந் தேதி வில்னியஸ் நகரில் முதல் நாளே கையெழுத்திட்டவர்களில் இஸ்ரேலும் ஒன்று. அதே ஆண்டு ஏப்ரலில்தான், காஸாவில் குண்டு போடுவதற்கான ஆட்களை ‘லாவெண்டர்’ என்ற யந்திர ஏற்பாடு அடையாளம் காட்டியதாக இஸ்ரேலியப் பத்திரிகையாளர்களே எழுதினார்கள். இராணுவம் மறுத்தது. மெய்யா பொய்யா என்று இந்த ஒப்பந்தத்தின் கீழ் விசாரிக்க முடியுமா? முடியாது. அது விலக்கு! மனித உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பேனா, மனிதர் சாகும் இடத்தை ஒப்பந்தத்திலிருந்து அடித்துவிட்டது.

ஐரோப்பிய யூனியனின் சட்டம் இவற்றைவிடக் கண்டிப்பானது என்பதை ஒப்புக்கொள்வோம். வேலைத்தலத்தில் தொழிலாளியின் முகத்தைப் பார்த்து அவன் உணர்ச்சியை யந்திரம் கணிப்பதை அது, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, 2025 பிப்ரவரி முதல் தடை செய்தது. ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பது, வேலை வாங்குவது ஆகியவற்றில் புகும் யந்திரங்களுக்கான கட்டுப்பாடுகள் அமுலுக்கு வருமுன்னரே, அவற்றை 2027 டிசம்பர் வரை தள்ளிப்போடலாம் என்று ஐரோப்பியக் கமிஷனே 2025 நவம்பரில் யோசனை வைத்தது. அமெரிக்காவிலோ, முந்திய ஜனாதிபதி 2023-ல் போட்ட உத்தரவை டிரம்ப் 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே கிழித்தெறிந்தார். மறுமாதம் பாரிஸ் மகாநாட்டில், பிரதமர் மோடி கூட்டுத் தலைமை வகித்த அந்த மேடையில், அமெரிக்காவும் பிரிட்டனும் பொதுப் பிரகடனத்தில் கையெழுத்திடக்கூட மறுத்தன.

பழைய கதை, நாம் மறக்கக்கூடாத கதை

இந்த விலக்கு வித்தை புதிதல்ல. 1919-ல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு, நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று உலகத்துக்கு விதி செய்தது. அதே ஒப்பந்தத்தின் 10-வது ஷரத்து என்ன சொன்னது தெரியுமா? பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் வாரத்துக்கு 60 மணி! வெள்ளைக்கார எஜமானர்கள் அதை 1921-ல் மனப்பூர்வமாக ஏற்றுக் கையெழுத்திட்டார்கள். ஏற்க மாட்டார்களா என்ன? விலக்கு அவர்களுக்குத்தானே!

60 மணி 1934-ல் 54 ஆயிற்று. 1946-ல்தான் 48 ஆயிற்று. உலகத்துக்கு எழுதிய நீதி இந்தியத் தொழிலாளியின் வாசலுக்கு வர 27 ஆண்டுகள் பிடித்தன. தானாக வந்ததா? 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1923-ல் தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மேதினக் கொடி ஏற்றினார். ஆலைக்கு ஆலை வேலைநிறுத்தம், கதவடைப்பு, தடியடி, துப்பாக்கிச் சூடு எல்லாவற்றையும் தாங்கித் தொழிலாளி வர்க்கம் அந்த விலக்கை அடித்து நொறுக்கியது. சர்வதேச ஒப்பந்தம் ஓர் ஆயுதம். தூக்கிப் பிடிக்கக் கையில்லாவிட்டால் அது துருப்பிடிக்கும்.

தில்லியின் ஏழு சூத்திரங்கள்

நம் சர்க்கார் என்ன செய்தது? 2025 நவம்பரில் செயற்கை நுண்ணறிவு நிர்வாகத்துக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஏழு சூத்திரங்கள்! அதில் ஒன்று, கட்டுப்பாட்டைவிடப் புதுமைக்கே முன்னுரிமை என்பது. இதற்கெனத் தனிச் சட்டம் இப்போது தேவையில்லை என்பது அதன் முடிவு. ஆட்டு மந்தைக்குக் காவல் வேண்டும் என்றால், ஓநாய்க்கு ஒழுக்கப் பாடம் நடத்துகிறார்கள்!

2023-ல் இயற்றிய தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டத்தையும் திறந்து பாருங்கள். அதன் 17-வது பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகிய காரணங்களைச் சொல்லி எந்த சர்க்கார் அமைப்பையும் மத்திய சர்க்கார் சட்டத்திலிருந்து விலக்கிவிடலாம். 7-வது பிரிவின்படி, வேலை சம்பந்தமான காரியங்களுக்கும் முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் தொழிலாளியின் விவரங்களை அவன் சம்மதமில்லாமலே பயன்படுத்தலாம். அதே இரண்டு சாவிகள், இந்திய முத்திரையோடு!

சர்க்காரின் சாவி எப்படித் திரும்புகிறது? 2020-ல் தில்லிக் கலவரத்துக்குப் பிறகு, வாக்காளர் அட்டை, டிரைவிங் லைசென்ஸ் படங்களை யந்திரத்துக்குக் கொடுத்து 1,100க்கு மேற்பட்டவர்களை அடையாளம் கண்டதாக உள்துறை மந்திரி அமித் ஷா பார்லிமெண்டிலேயே பெருமையோடு சொன்னார். யந்திரம் 80 சதவிகிதம் பொருத்தம் என்று சொன்னாலே அதைச் சரியான அடையாளமாக எடுத்துக்கொள்வதாகத் தில்லிப் போலீஸ் 2022-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் தந்தது. மீதி 20-க்குள் எந்த அப்பாவியின் முகம் கிடக்கிறதோ!

தமிழ்நாடும் சளைத்ததல்ல. 2020-ல் இங்கே ‘பாதுகாப்பான, நெறி சார்ந்த’ செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை அன்றைய சர்க்கார் வெளியிட்டது. 2021-ல் ஆட்சி மாறியது. போலீசுக்கு முகம் அறியும் யந்திரம் வந்தது. 2024 மே மாதம் அந்த யந்திரத்தின் விவரப் பெட்டகத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்தார்கள். ஜனங்களின் முகத்தைச் சேர்த்துவைக்கத் தெரிந்தவர்களுக்கு அதைக் காப்பாற்றத் தெரியவில்லை.

யந்திரத்துக்கு விரோதிகளா நாம்?

“சங்கக்காரர்கள் எப்போதும் யந்திரத்துக்கு விரோதிகள். கட்டுப்பாடு போட்டால் நாடு பின்தங்கிவிடும்” என்று ஓலமிடுகிறார்கள். பழைய பல்லவி! சென்னைத் துறைமுகத்தில் 1983-ல் கன்டெய்னர் முனையம் வந்தது. முதுகு ஒடிய மூட்டை சுமக்கும் வேலை குறைவது பாவமா? அல்ல, பாக்கியம். ஆனால் 2001-ல் அந்த முனையமே தனியார் கம்பெனி கைக்குப் போயிற்று. சுமை குறைந்ததன் லாபம் யார் பெட்டிக்குப் போயிற்று, வேலை இழந்தவன் பிள்ளைக்கு யார் வேலை கொடுத்தார்கள் என்பதுதான் நாம் அன்றும் கேட்ட கேள்வி. இன்றும் கேட்கும் கேள்வி.

யந்திரம் நோயைக் கண்டுபிடிக்கட்டும். புயலை முன்கூட்டிச் சொல்லட்டும். காசிமேட்டுப் படகைக் காப்பாற்றட்டும். வரவேற்கிறோம்! கூலியை வெட்டவும், கார்டை ரத்து செய்யவும், ஆளைப் பிடிக்கவும் அதைக் கொண்டுவந்து, “நான் செய்யவில்லை, யந்திரம் செய்தது” என்று எஜமானன் அதன் பின்னே ஒளிந்துகொள்வதைத்தான் எதிர்க்கிறோம்.

போராடிய இடத்தில் பூட்டு அசைந்தது

சோர்வுக்கு இடமில்லை, தோழர்களே! 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டசபை 2023 ஏப்ரல் 21-ந் தேதி நிறைவேற்றியது. சங்கங்கள் ஒன்றாக எழுந்தன. மேதினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. கர்நாடகத்தில் 2025-ல் வந்த சட்டப்படி, செல்போன் வழித் தொழிலாளியை எழுத்து மூலம் காரணமும் 14 நாள் நோட்டீசும் கொடுக்காமல் நீக்க முடியாது. தன்னைக் கண்காணிக்கும் யந்திரக் கணக்கைப் பற்றிக் கேட்க அவனுக்கு உரிமை உண்டு. நமக்கு 2023 டிசம்பரில் நலவாரியம் தந்தார்கள். நல்லது. ஆனால் நலவாரியம் வேறு, கணக்குக் கேட்கும் உரிமை வேறு. ஐரோப்பாவில் 2024-ல் வந்த விதி, இத்தகைய தொழிலாளியை நீக்கும் முடிவை மனிதனே எடுக்க வேண்டும் என்கிறது. 2025 ஜூனில் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு, இந்தத் தொழிலாளர்களுக்குக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே வேண்டும் என்று தீர்மானித்தது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. யந்திரத்தின் சொல்லை மட்டும் வைத்து ரேஷனையோ, கூலியையோ, வேலையையோ நிறுத்தக்கூடாது. முடிவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட ஒரு மனிதன் வேண்டும்.

2. காரணம் தமிழில், எழுத்தில் வேண்டும். அப்பீல் முடியும் வரை அரிசியும் கூலியும் நிற்கக்கூடாது.

3. வேலைத்தலத்தில் கண்காணிப்பு யந்திரம் வைக்குமுன் தொழிற்சங்கத்தோடு பேச வேண்டும். கணக்கைக் காட்ட வேண்டும்.

4. சட்டமன்றத்தின் சட்டமும் கோர்ட்டின் அனுமதியும் இல்லாமல் போலீஸ் முகவேட்டை நடத்தக்கூடாது.

5. சர்வதேச ஒப்பந்தங்களில் இந்தியா கையெழுத்திட வேண்டும். சர்க்காருக்கும் முதலாளிக்கும் விலக்குக் கேட்கக்கூடாது.

துறைமுகத் தொழிலாளிகளே, லாரி ஓட்டுநர்களே, அங்கன்வாடிச் சகோதரிகளே, பொட்டலம் சுமக்கும் வாலிபர்களே! இந்த ஐந்தையும் சங்கக் கூட்டங்களில் படியுங்கள், விவாதியுங்கள், தீர்மானமாக்கிக் கோட்டைக்கு அனுப்புங்கள். 60 மணி விலக்கை உடைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இந்த முறை 27 ஆண்டுகள் காத்திருக்க நாம் தயாரில்லை!