நிலா இல்லாத பூனைக் கதை

எங்கள் மணவாள நகரில் ஒரு ரிடையர்டு தமிழ் வாத்தியார் இருக்கிறார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட முதலில் சந்திப்பிழை பார்ப்பார். அப்புறம்தான் முகூர்த்த நேரம்.

அவரிடம் போய் என் அண்ணன் மகள் ஒரு கதையைக் கொடுத்துவிட்டாள். பாதிதான் எழுதியிருந்தாள். காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற பெண். கதையும் அங்கேதான் நடக்கிறது. நைட் ஷிஃப்டுக்குப் போகும் ஒருத்தி ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பூனையாகிவிடுகிறாள். பூனைக்கு ஒரே கவலை. காலையில் வருகைப் பதிவு மெஷினில் முன்னங்காலை வைத்தால் ஏற்றுக்கொள்ளுமா?

நோட்டு சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. கடைசியில் தீர்ப்பு: 'கதை உண்டு. நடை இல்லை. நிலா வர்ணனை எங்கே?'

அவள் ஒன்றும் பேசவில்லை. நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. சாயந்திரமே வாத்தியார் வீட்டுத் திண்ணையில் ஆஜரானேன்.

"கூடு விட்டுக் கூடு பாய்கிற கதைக்கு எதுக்கு சார் வர்ணனை? திருமூலரையே எடுத்துக்குங்க. சாத்தனூர்ல இடையன் மூலன் செத்துக் கிடக்கான். மாடுங்க சுத்தி நின்னு அழுவுது. பொறுக்காம அவன் உடம்புல புகுந்தார். மாடுங்க வீடு போய்ச் சேர்ந்ததும், மூலன் பெண்சாதி வந்து 'வீட்டுக்கு வாங்க'ங்கறா. இவர் என்ன பதில் சொல்வார்? அங்கே இருக்கு சார் கதை!"

"அது சேக்கிழார் பாடினதுய்யா. அந்தத் தமிழுக்கு என்ன குறைச்சல்?" என்று மடக்கினார்.

"எங்க பாட்டிக்கு எழுதப் படிக்கவே தெரியாது. அவ சொல்லியும் நான் அழுதிருக்கேனே!"

வாத்தியார் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். நான் விடவில்லை. 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவில் அலங்காரத் தமிழா இருந்தது? வேதாளத்தைத் தோளில் போட்டு நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்துவிட்டார்; எழுத்து பாட்டுக்குக் கதையை மட்டும் சொல்லிக்கொண்டு போனது. 1915-ல் வெளிவந்த காஃப்காவின் 'உருமாற்றம்' கதையில் பூச்சியாகிவிட்ட சேல்ஸ்மேனுக்கு முதல் கவலை, ரயிலைத் தவறவிட்டோமே என்பது! 2006-ல் பாட்ரிஷியா பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 'மூன் கால்ட்' என்று ஒரு நாவல் எழுதினார். நாயகி கார் மெக்கானிக். ஓநாய்க்குத் தம்பி மாதிரியான கொயோட்டியாக மாறுவாள். மனுஷியாகத் திரும்பும்போது துணிமணி கூடவே வராது. அவள் படுகிற அந்த அவஸ்தையில்தான் நமக்கு நம்பிக்கையே பிறக்கிறது.

நம்ப முடியாததைச் சொல்கிறவன் குரலை உயர்த்தக் கூடாது. லீவு லெட்டர் மாதிரி சொல்ல வேண்டும். அலங்காரம் ஏற ஏற, 'ஆள் புளுகுகிறான்' என்று தோன்றிவிடும்.

"அப்ப யார் வேணா எப்படி வேணா எழுதலாமா?" என்றார் வாத்தியார்.

நியாயமான கேள்வி. எளிமை வேறு, சோம்பல் வேறு. 'அவள் பூனையானாள்' என்று எழுதிவிட்டு நகர்ந்தால் அது சோம்பல். சீருடை தரையில் கிடக்க, கழுத்தில் மாட்டிய அடையாள அட்டை காலைத் தட்ட, பூனை மெஷினை நோக்கி நடந்தது என்றால் அது எளிமை. எங்கள் பெண் இரண்டாவது விதமாகத்தான் எழுதியிருந்தாள். இதையும் சொல்லிவிட்டு வந்தேன். வாத்தியார் பதில் பேசவில்லை. தோற்றது யார் என்று தெரியாமலே வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். வாத்தியார்தான். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பாப்பா இருக்காளா? அந்தப் பூனைக்குச் சம்பளம் பிடிச்சாங்களா இல்லையான்னு கேட்கணும். ராத்திரி பூரா தூக்கமே வரலைய்யா!"

பரணில் ஏற ஸ்டூல் தேடிக்கொண்டிருந்தாள் எங்கள் பெண்.