முன்னேற்பாட்டு மானியம் வீண் செலவா?

பேரிடர் நிதி என்றால் நிவாரணம் என்றே இந்தியாவில் பொருள் கொள்ளப்படுகிறது. வெள்ளம் வடிந்த பிறகு கைக்கு எவ்வளவு வரும் என்பதுதான் பேச்சு. வெள்ளத்துக்கு முன்னால் ஒத்திகைக்கும் பாதுகாப்பு மையத்துக்கும் எச்சரிக்கைக் கோபுரத்துக்கும் தரும் மானியம் வீண் செலவு என்ற எண்ணம் அதிகாரிகளிடமும் இருக்கிறது, தேநீர்க் கடையிலும் இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றுகூட முழுதாக நிற்பதில்லை.

வருமா வராதா என்று தெரியாத புயலுக்காகப் பணத்தை முடக்குவானேன் என்பது முதல் காரணம். ஒடிசாவில் 1999 அக்டோபர் இறுதியில் அடித்த சூப்பர் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அன்று அந்தக் கடற்கரையில் இருந்த புயல் பாதுகாப்பு மையங்கள் இருபதைச் சற்றே தாண்டும். 2019 மே 3 அன்று பூரி அருகே ஃபானி கரையைக் கடந்தபோது அவை எண்ணூறுக்கு மேல். சுமார் 12 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். மாநிலத்தில் இறந்தவர்கள் 64 பேர். 1999 புயல் ஃபானியைவிடக் கடுமையானது, இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் வானிலைக் கணிப்பும் மேம்பட்டது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் எவ்வளவு துல்லியமாகக் கணித்தாலும் போய் ஒதுங்க ஓர் இடம் வேண்டும்.

அந்த இடம் எப்படிப்பட்டது என்று பார்த்தால் செலவின் தன்மை புரியும். தூண்களின் மேல் நிற்கும் கான்கிரீட் கட்டடம்; கடல்நீர் புகுந்து வெளியேறத் தரைத்தளம் திறந்தே கிடக்கும். மற்ற நாள்களில் அதுவே பெரும்பாலும் பள்ளிக்கூடம். புயல் நாளில் அங்கே கயிறு வேண்டும், லைஃப் ஜாக்கெட் வேண்டும், சாலையில் விழுந்த மரத்தை அறுக்க மிஷின் வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டரை அவ்வப்போது ஓட்டிப் பார்க்காவிட்டால் தேவைப்படும் இரவில் அது கிளம்பாது. சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஊரில் நாலு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் வீணாகத் தெரிவது இந்த டீசல் காசுதான். முன்தடுப்புப் பணிகளுக்கு அமெரிக்க மத்திய அரசு தந்த மானியங்களை அந்நாட்டின் தேசியக் கட்டட அறிவியல் நிறுவனம் ஆராய்ந்து, போட்ட ஒரு டாலருக்கு 6 டாலர் இழப்பு மிச்சம் என்று 2019இல் கணக்கிட்டது. அந்த விகிதத்தை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்த முடியாது. ஆனால் வீண் என்ற சொல்லுக்கு அங்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

அடிபட்டால் டெல்லி கொடுக்கும் என்பது அடுத்த காரணம். டெல்லிப் பணம் வரும் வழியைப் பார்த்தால் இந்த நம்பிக்கை கரைந்துவிடும். மாநிலம் கோரிக்கை மனு அனுப்ப வேண்டும். மத்தியக் குழு வந்து பார்வையிட வேண்டும். உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகும், மாநிலத்தின் பேரிடர் நிதிக் கணக்கில் மிச்சம் இருந்தால் அதில் பாதியைக் கழித்துக்கொண்டே தேசிய நிதியிலிருந்து தொகை வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் தென்மாவட்ட வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கியபோது தமிழ்நாடு கேட்டது சுமார் ரூ.37,900 கோடி. 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து விடுவிக்கப்பட்டது சுமார் ரூ.276 கோடி. இதில் அரசியல் எவ்வளவு என்ற சண்டை தனி. ஆனால் விதியிலேயே ஒரு வரம்பு இருக்கிறது: அந்த நிதி உடனடி நிவாரணத்துக்கானது, இழப்பை ஈடுகட்டுவதற்கானது அல்ல. அதை நம்பி முன்னேற்பாட்டைத் தள்ளிப்போடுவது, கிடைக்கவே கிடைக்காத காப்பீட்டை நம்புவது போன்றது.

கொடுத்த பணத்தையே உள்ளூர் நிர்வாகம் செலவழிப்பதில்லை என்பது மூன்றாவது காரணம். இதில் பாதி உண்மை. 15ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு மாநிலப் பேரிடர் நிதிகளுக்கென வகுத்த தொகை ரூ.1,60,153 கோடி. அதில் நூற்றுக்கு 40 மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 30 மறுகட்டமைப்புக்கும், 20 தணிப்புப் பணிகளுக்கும், 10 முன்னேற்பாட்டுக்கும் திறன் வளர்ப்புக்கும். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட அளவிலும் நிதியம் அமைக்கச் சொன்னது. நிதிக்குழுவின் ஒதுக்கீடோ மாநிலத்தோடு நின்றுவிட்டது. அதே சட்டம் உள்ளாட்சிகள் தம் பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், கருவிகளைத் தயார்நிலையில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. கடமை ஊராட்சி வரை இறங்கியது. பணம் அவ்வளவு தூரம் இறங்கவில்லை. நிலப் பட்டாவும் தேர்தல் வேலையும் பார்க்கும் அதே தாசில்தார் அலுவலகம்தான் பேரிடர் திட்டத்தையும் எழுதுகிறது. அங்கே மானியம் தேங்கினால், அதைச் செலவழிக்க ஆளைப் போடாதவர்களையும் கேட்க வேண்டும்.

மானியம் கொடுத்தால் மாநிலங்கள் மெத்தனமாகிவிடும் என்பாரும் உண்டு. மானியம் சும்மா வருவதில்லை: பெரும்பாலான மாநிலங்கள் நான்கில் ஒரு பங்கைத் தாமே போட வேண்டும், வடகிழக்கு, இமயமலை மாநிலங்கள் பத்தில் ஒரு பங்கு. மெத்தனத்துக்கு உண்மையில் இடம் கொடுத்தது பழைய பங்கீட்டு முறை. முந்தைய ஆண்டுகளில் யார் அதிகம் செலவழித்தார்களோ அவர்களுக்கே அதில் அதிகம் கிடைத்தது. 15ஆவது நிதிக்குழுதான் பரப்பளவையும் மக்கள்தொகையையும் ஆபத்துக் குறியீட்டையும் சேர்த்தது. ஆனாலும் பழைய செலவுக் கணக்கு முழுதாக விலகவில்லை.

கடைசியாக, இதற்கெல்லாம் இப்போதே அவசரம் இல்லை என்ற வாதம். தேசியப் பேரிடர் தணிப்பு நிதியைச் சட்டம் சொன்னது 2005இல். பதினோரு ஆண்டுகள் கழித்து, 2016 மே மாதம், வறட்சி தொடர்பான ஸ்வராஜ் அபியான் வழக்கில் அதை மூன்று மாதத்துக்குள் அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நிதி நடைமுறைக்கு வந்தது 2021இல். அதிலிருந்து சென்னை நகர வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கு, ரூ.500 கோடி மத்திய உதவியுடன், ரூ.561.29 கோடிக்கு ஒப்புதல் வந்தது 2023 டிசம்பரில். மிக்ஜாம் கொட்டிய மழைநீர் நகரின் தாழ்வான தெருக்களில் அப்போது இன்னும் வடிந்திருக்கவில்லை.