யாதவகிரி வீடும் ஞாயிறு ராத்திரிக் கலக்கமும்

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆனா உங்களுக்கும் வயித்துல ஒரு கலக்கம் வருமா? எனக்கு வரும். திருநெல்வேலியை விட்டு மைசூரு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. சம்பளம், வீட்டுக்கடன், பிள்ளைங்க ஸ்கூல் எல்லாம் ஒழுங்கா ஓடுது. வேலையில ஆர்வம் மட்டும் எங்கேயோ இறங்கிப் போயிடுச்சு.

போன வாரம் ஊர்லேர்ந்து வந்த மச்சானை யாதவகிரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆர்.கே.நாராயண் கட்டின வீடு. 2011-ல இடிக்க ஆரம்பிச்சு, எதிர்ப்பு கிளம்பினதால தப்பிச்சது. 2016-லேர்ந்து நினைவில்லம். "எழுத்தாளருக்கு என்ன மச்சான், ராஜா வாழ்க்கை"ன்னான்.

இல்லை. காலேஜ் நுழைவுத் தேர்வுல தோத்தவர் அவர். வாத்தியார் வேலைக்குப் போய் சில நாள்ல ஓடி வந்தவர். குடும்பத்துல பணம் தேவைப்பட்டப்போ, சென்னையிலிருந்து வந்த 'ஜஸ்டிஸ்' பத்திரிகைக்கு மைசூர் நிருபரா இருந்தார். கோர்ட்டு, மார்க்கெட்டுன்னு அலைஞ்சு எழுதினா, அச்சுல எத்தனை அங்குலம் வருதோ அதுக்குத்தான் கூலி. பல பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பின நாவலைத் தேம்ஸ் நதியில போட்டுடச் சொல்லி ஆக்ஸ்ஃபோர்டுல படிச்ச நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார். பூர்ணா போடலை, கிரஹாம் கிரீன் கிட்ட கொண்டு போய்க் கொடுத்தார். 1935-ல 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' வந்துது.

இதைப் படிச்சுட்டு நாளைக்கே ராஜினாமா பண்ணிடாதீங்க! அவருக்குச் சோறு போடக் கூட்டுக்குடும்பம் இருந்தது. நம்மள நம்பித்தான் இங்கே ஒரு குடும்பமும் ஊர்ல ஒரு குடும்பமும் இருக்கு. என் கட்சி இதுதான்: ஆர்வம் வந்தப்புறம் ஆரம்பிக்கலாம்னு காத்திருந்தா அது வராது. தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தா, தானா பின்னாடி வரும். இன்னொண்ணு, செஞ்சதை நாலு பேர் கிட்ட காட்டணும். பெட்டிக்குள்ள பூட்டி வெச்ச கையெழுத்துப் பிரதியை எந்த பூர்ணாவாலயும் காப்பாத்த முடியாது.

நாராயண் தம்பி ஆர்.கே.லக்ஷ்மணைப் பாருங்க. பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில இடம் இல்லைன்னுட்டாங்க. அதுக்காக அவர் வரையறதை விடலை. மைசூர் மகாராஜா காலேஜ்ல படிச்சுக்கிட்டே, 'தி ஹிந்து'வுல வந்த அண்ணன் கதைகளுக்குப் படம் போட்டார்.

இது நினைப்புக்கு வந்ததும் எனக்குச் சுருக்குன்னு இருந்தது. ஏன்னா எட்டாவது படிக்கிற என் பொண்ணு கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல வரைஞ்சிருந்ததை, "இது சோறு போடுமா?"ன்னு கேட்டுக் கிழிச்சவன் நான். போன மாசம்தான்.

அன்னிக்கு சாயங்காலம் தேவராஜ அரசு ரோட்டுல ஒரு வரைபட நோட்டு வாங்கிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். காலேஜோட விட்டுப்போன கதை எழுதற பழக்கத்தை நானும் மறுபடி ஆரம்பிச்சிருக்கேன். ராத்திரி ஒன்பதரையிலேர்ந்து பத்து வரைக்கும். படம் அவ போடறா.

நேத்து ஞாயித்துக்கிழமை. கலக்கம் வந்தது. ஆனா பாதிக் கதை மிச்சம் இருந்ததால, அதைக் கவனிக்க நேரம் இல்லை.