மென்பொருளுக்கும் ஒரு குடிமராமத்து

2021ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி, வெள்ளிக்கிழமையன்று, உலகின் பெரிய ஸ்தாபனங்கள் பலவற்றில் கம்ப்யூட்டர் பிரிவைக் கவனிக்கும் உத்தியோகஸ்தர்கள், வார விடுமுறையை மறந்துவிட்டு, தங்கள் சர்வர்களுக்குள் ‘லாக்4ஜே’ என்னும் ஜாவா லைப்ரரி எந்த மூலையில் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று தேடத் தலைப்பட்டார்கள். அவர்களில் சிலருக்கு, அப்படியொன்றைத் தாங்கள் உபயோகித்து வருகிறோம் என்பதே அன்றுதான் தெரிந்தது.

வங்கியின் வலைச் சேவையானாலும், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கணக்குமுறையானாலும், அது தன்பால் நடப்பதையெல்லாம் வரிவரியாகக் குறித்துவைக்கும் வழக்கமுடையது: இன்ன மணிக்கு இன்ன பெயருடையவர் உள்ளே வர முயன்றார், கடவுச்சொல் பொருந்தவில்லை, இன்ன பிழை நேர்ந்தது என்பன போன்ற குறிப்புகள் அவை. அந்தக் குறிப்பெழுதும் வேலைதான் லாக்4ஜே செய்வது. பெயரைக் கேட்கும் கட்டத்தில் ஒருவன் தன் பெயரை இடாமல், டாலர் குறியும் நெளிவு அடைப்புக்குறியும் போட்டு, உள்ளே ‘ஜேஎன்டிஐ’ என்ற சுருக்கத்தையும் தன்னுடைய சர்வரின் முகவரியையும் தட்டிவிட்டால், எழுத்துக்கு எழுத்து அதைப் பதிந்துவிட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டிய அந்த லைப்ரரி, அந்த முகவரியைத் தேடிப் போய், அங்கே காத்திருந்த நிரலை வாங்கிவந்து, தன் எஜமானனின் சர்வரிலேயே அதை இயக்கிவிடும். மைன்கிராஃப்ட் விளையாட்டில், அரட்டைப் பெட்டியில் அந்த ஒரு வரியை எழுதினாலே போதுமாயிருந்தது. 2013இல் ஒரு பயனர் கேட்டுக்கொண்டதற்கிணங்கச் சேர்க்கப்பட்ட வசதி இது. எட்டாண்டுக் காலம் எவர் கண்ணையும் உறுத்தாமல் கிடந்து, 2021 நவம்பர் 24ஆம் தேதிதான் அலிபாபா நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவினரால் லாக்4ஜேயை வெளியிடும் அப்பாச்சி அறக்கட்டளைக்குத் தெரிவிக்கப்பட்டது. அபாயத்தை அளக்கும் அளவுகோலில் அதற்குக் கிடைத்த மதிப்பெண் 10க்கு 10.

லாக்4ஜேயைப் பராமரித்துவந்தவர்கள் ஒரு சிறிய தன்னார்வக் குழுவினர்; வேறிடங்களில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, மிஞ்சிய நேரத்தில் இந்தக் கைங்கரியத்தைச் செய்துவந்தவர்கள். 2.15.0 என்ற வெளியீட்டைக் கொண்டுவந்து, அதிலும் குறை இருந்ததனால் 2.16.0 என்றும், அதன்பின் 2.17.0 என்றும், ஆண்டு முடிவதற்குள் 2.17.1 என்றும் அடுத்தடுத்துத் திருத்தி, கிறிஸ்துமஸ் காலத்து ஓய்வையும் இழந்து, முகந்தெரியாதவர்களின் வசவையும் வாங்கிக்கொண்டு அவர்கள் உழைத்துக்கொண்டிருந்த அதே சமயத்தில், அவர்களுடைய உழைப்பின்மீது கோடிக்கணக்கில் வியாபாரம் நடத்தும் கம்பெனிகள் பல, ‘இலவசமாக வருவதற்கெல்லாம் இதுதான் கதி’ என்று பேசத் தொடங்கின. அந்தப் பேச்சில் நியாயம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

காரணம் சொல்கிறேன். 2017 மார்ச் மாதத்தில், ஸ்ட்ரட்ஸ் என்ற மற்றோர் அப்பாச்சி மென்பொருளில் ஓட்டை இருப்பது தெரிந்தவுடன், அதைப் பராமரிப்போர் திருத்தத்தை வெளியிட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் ஜனங்களின் கடன் வரலாற்றைச் சேர்த்துவைக்கும் எக்விஃபாக்ஸ் கம்பெனி அந்தத் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாமல் இருந்துவிட்டது. மே மாதத்தில் திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேருடைய அந்தரங்க விவரங்கள் பறிபோயின. திறந்த மூலச் சமூகம் தன் கடமையைச் செய்தது. ஊதியம் பெறும் உத்தியோகஸ்தர்களைக் கொண்ட கம்பெனிதான் செய்யவில்லை.

இன்றைக்கு ‘எங்கள் சொந்தத் தயாரிப்பு’ என்று ஒரு கம்பெனி விற்கும் பெரிய மென்பொருளைப் பிரித்துப் பார்த்தால், அந்தக் கம்பெனியின் ஆட்கள் எழுதிய பகுதி மேலே பூசிய பூச்சளவே இருக்கும்; அடியில் ஸ்பிரிங், டாம்கேட், லினக்ஸ், போஸ்ட்கிரஸ் என்று பொதுவில் விளைந்தவையே நிரம்பியிருக்கும். டாம்கேட்டின் மூலத்தை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999இல் அப்பாச்சிக்குக் கொடுத்தது. வலைச் சேவைகளை எழுதுவோர் நாள்தோறும் உச்சரிக்கும் ‘ரெஸ்ட்’ என்ற அமைப்புமுறையை 2000ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சிக் கட்டுரையில் வகுத்துரைத்த ராய் ஃபீல்டிங், அப்பாச்சி வெப் சர்வரைத் தொடங்கிய சிறு கூட்டத்தில் ஒருவர். ஆகவே, இத்தொழில் சமூகத்துக்குப் பட்டிருக்கும் கடன் நேற்று ஏற்பட்டதன்று.

வேடிக்கை ஒன்றும் நடந்தது. ‘கர்ல்’ என்ற பிரசித்தமான மென்பொருளைப் பல்லாண்டுகளாகப் பேணிவரும் ஸ்வீடன் தேசத்து டேனியல் ஸ்டென்பெர்குக்கு, 2022 ஜனவரியில், அமெரிக்காவின் மிகப் பெரிய கம்பெனிகளுள் ஒன்றிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: உங்கள் பொருளில் லாக்4ஜே உண்டா, பாதிப்பு என்ன, 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும் என்று அதிகாரத் தோரணையில். கர்ல் முழுக்க முழுக்க சி மொழியில் எழுதப்பட்டது. ஜாவாவுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆதரவு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டால் சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன் என்று அவர் எழுதிவிட்டார். ஒரு காசும் கொடாமல் எடுத்துக்கொண்டவன், கொடுத்தவனைத் தன் குத்தகைக்காரனாக எண்ணிக்கொள்ளும் மனோபாவத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு அகப்படவில்லை.

நம் நாட்டில் குடிமராமத்து என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஏரித் தண்ணீர் எவர் எவர் வயலில் பாய்கிறதோ அவரெல்லாம், மழைக்காலத்துக்கு முன் மண்வெட்டியோடு இறங்கி, தூர் எடுத்து, கரையை உயர்த்தி, மதகைச் செப்பனிட்டுவிட்டு வருவார்கள். அது தர்மமாகச் செய்ததன்று, தன் வயலுக்காகச் செய்ததே. அவ்வழக்கம் தளர்ந்த பிறகு, 1858இல் சென்னை ராஜதானியில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தும் பழைய ஒழுங்கு திரும்பவில்லை. மென்பொருள் விஷயத்திலும் சட்டத்தால் அதிகம் ஆகுமென்று நான் நம்பவில்லை. அப்பாச்சி லைசென்சே, ‘உள்ளது உள்ளபடி தருகிறோம், உத்தரவாதம் இல்லை’ என்று பச்சையாகச் சொல்லிவிடுகிறது. கடமையென்று வழக்காட இடமில்லை. சுயநலம் என்றாவது இந்தக் கம்பெனிகள் உணர்ந்துகொள்ள வேண்டும்.

பணத்தைக் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பணமும் வேண்டியதுதான். ஜெர்மனி அரசு 2022 முதல் இதற்கென்றே ஒரு நிதியை நடத்துகிறது, பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் 2024இல், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதென்று ஏற்பாடு செய்தது, இரண்டும் பாராட்டத்தக்கவை. ஆனால் பணத்தினும் அருமையானது, பிறர் எழுதியதைப் பொறுமையாக வாசித்துச் சரிபார்க்கும் மனித நேரம். அது வற்றினால் என்ன நேரும் என்பதை ‘எக்ஸ்இசட்’ என்ற மென்பொருளின் விவகாரம் காட்டியது. தனியொருவராகப் பராமரித்துச் சோர்ந்திருந்தவரிடம், உதவுவதுபோல் இரண்டாண்டுகளுக்கு மேல் பழகி நம்பிக்கையைப் பெற்ற ஓர் அநாமதேயம், அதற்குள் ரகசியக் கதவொன்றை வைத்துவிட்டது. 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்தவர், போஸ்ட்கிரஸ் வேலையில் ஈடுபட்டிருந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர். வேறோர் இயந்திரத்துக்குள் நுழையும்போது அரை விநாடி தாமதமாவது ஏன் என்று அவர் துருவிப் பார்த்ததனால் உலகம் தப்பித்தது. சமூகத்தின் மென்பொருளில் வேலை செய்யவே ஒருவருக்குக் கம்பெனி சம்பளம் கொடுத்துவந்ததால் எல்லோருக்கும் கிடைத்த லாபம் இது.

நம்மவர் பக்கம் வருவோம். பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கிலும் உள்ள கட்டடங்களில், இந்தப் பொதுச் சொத்தை நாள் முழுதும் கையாளும் இளைஞர்கள் ஏராளம். அவர்களுள் ஒருவர் ஒரு லைப்ரரியில் பிழையைக் கண்டு, இரவெல்லாம் விழித்துத் தன் புராஜெக்டின் அளவுக்கு அதைச் சரிசெய்துவிட்டால், அந்தத் திருத்தம் மூலத்துக்குத் திரும்பிப் போவது அபூர்வம். சேவை ஒப்பந்தங்களில் சாதாரணமாகக் காணப்படும் ஒரு சரத்து, அலுவலகத்தில் எழுதிய ஒவ்வொரு வரியும் வாடிக்கையாளருக்கே உரியது என்கிறது. வெளியே அனுப்ப அனுமதி கேட்டால், மேலாளர் சட்டப்பிரிவைக் காட்டுவார், சட்டப்பிரிவு வாடிக்கையாளரைக் காட்டும், அதற்குள் புராஜெக்ட் முடிந்துவிடும். அடுத்த புராஜெக்டில் இன்னொருவர் அதே பிழையைக் கண்டுபிடித்து அதே இரவை இழப்பார்.

மாணவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 அக்டோபரில், திருத்தம் அனுப்புவோருக்கு டி-ஷர்ட் பரிசு என்று ஒரு கம்பெனி அறிவித்ததை நம்பி, வாசித்தறியாத மென்பொருள்களுக்கெல்லாம் ‘அருமையான புராஜெக்ட்’ என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பியவர்களில் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. அதைத் தன்னார்வப் பணி என்று சொல்ல முடியாது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிவருகிறது. கற்க விரும்பும் மாணவர் அங்கே போய் உட்காரட்டும்.

மத்திய அரசு 2015லேயே, தன் பணிகளுக்குத் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்று கொள்கை வகுத்துவிட்டது. இனி, டெண்டர் எழுதும்போது, ஒப்பந்ததாரர் இன்னின்ன லைப்ரரிகளைப் பயன்படுத்துகிறார் என்ற ஜாபிதாவையும், அவற்றில் செய்யும் திருத்தங்களை மூலத்துக்கே திருப்பியனுப்புவார் என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கேட்பதில் அதற்குச் செலவு ஏதுமில்லை. கம்பெனி நிர்வாகிகளையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த ஒப்பந்தம் மேஜைக்கு வரும்போது, ‘பொது மென்பொருளில் செய்யப்படும் திருத்தங்களை மூலத்துக்கு அனுப்பத் தடையில்லை’ என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி வாடிக்கையாளரிடம் கேளுங்கள், உங்கள் பொறியாளர் அதற்குச் செலவிடும் மணிகளை வேலை நேரத்திலேயே எழுதிக்கொள்ள அனுமதியுங்கள்.