கண்ணில் காட்டினால் போதாது, கையில் கொடுங்கள்: இயற்பியல், வேதியியல் இணைய வளங்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

தமிழ் வழியில் இயற்பியலும் வேதியியலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் நாங்கள். எங்களில் சிலர் தமிழ்நாட்டிலும் சிலர் இலங்கையிலும் வேலை செய்கிறோம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாட வளங்களை வகுப்பில் பயன்படுத்தலாமா என்று பெற்றோர் எங்களிடம் கேட்கிறார்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம், பயன்படுத்தவும் வேண்டும். அதோடு இரண்டு விஷயங்களைப் பொதுவெளியில் உறுதியாகச் சொல்ல விரும்புகிறோம். மக்கள் பணத்தில் உருவாகும் ஒவ்வோர் அறிவியல் பாட வளமும் யாரும் படியெடுக்க, திருத்த, மொழிபெயர்க்க இடம் தரும் திறந்த உரிமத்தில் வெளிவர வேண்டும். இணைய வளங்களைக் காரணம் காட்டிப் பள்ளி ஆய்வகத்தின் செலவைக் குறைப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் ஃபெட் என்ற சிமுலேஷன் திட்டத்தைத் தொடங்கினார். அதிலுள்ள மின்சுற்று சிமுலேஷனில் பேட்டரி, பல்பு, கம்பி எல்லாவற்றையும் மாணவியே இழுத்து வைத்து இணைக்கலாம். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக நகரும். பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்துவிட்டால் திரையில் தீப்பற்றும். ஆய்வகத்தில் "தொடாதே" என்று கத்தியிருப்போம். இங்கே செய்து பார்க்க விடலாம். மின்னோட்டம் பல்பைக் கடக்கும்போது கொஞ்சம் தீர்ந்துபோய்விடும் என்று நம்பும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். பல்புக்கு முன்னும் பின்னும் புள்ளிகள் ஒரே சீராக நகர்வதைப் பார்த்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப்போட்டும் எங்களால் இதைச் சாதிக்க முடிந்ததில்லை.

இந்த சிமுலேஷன்களை ஒவ்வொன்றும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பிறகு இணையம் தேவையில்லை; ஒரு பென்டிரைவ் போதும். சிக்னல் கிடைக்காத மலைக்கிராமப் பள்ளியிலும் பழைய கணினியில் ஓடும். மொழிபெயர்க்கும் கருவியையும் அவர்களே கொடுத்திருக்கிறார்கள்.

ஃபெட்டைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியது. அடுத்த சில நாட்களில், உலாவியில் ஓடிக்கொண்டிருந்த ஃபிளாஷ் பாடங்கள் அடங்கிவிட்டன. பல ஆண்டுகள் சேர்த்து வைத்திருந்த ஊசல், அலை, அணு அமைப்புப் பாடங்களை எங்களில் பலர் அந்த வாரத்தில் இழந்தோம். அவற்றைச் செய்தவர்களைத் தேடினால் ஆள் இல்லை, மூலக்கோப்பு இல்லை, இருந்தாலும் அதைத் தொட்டுத் திருத்த அனுமதி இல்லை. ஃபெட் சிமுலேஷன்களும் முதலில் ஜாவாவிலும் ஃபிளாஷிலும் எழுதப்பட்டவைதான். ஆனால் அந்தக் குழு அவற்றைப் புதிய எச்.டி.எம்.எல். 5 வடிவில் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதியது, நிரலையும் வெளியில் வைத்தது. பாட வளம் என்பது கிணறு மாதிரி. தூர்வார ஆளும் வேண்டும், தூர்வாரும் உரிமையும் வேண்டும்.

இலவசம் என்ற ஒரே சொல்லுக்குள் பல நிலைகள் இருக்கின்றன. இயற்பியலாளர் ஃபெயின்மனின் விரிவுரைகளை 2013 முதல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகம் இணையத்தில் வாசிக்கக் கொடுத்திருக்கிறது. அதற்கு நாங்கள் மனதார நன்றி சொல்கிறோம். ஆனால் ஒரு பகுதியைத் தமிழாக்கி வகுப்புக்கு அச்சிட்டு வெளியிட வேண்டுமானால் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் 2012இல் வெளியிட்ட கல்லூரி இயற்பியல் நூல் அப்படியில்லை. பெயரைக் குறிப்பிட்டுவிட்டு எடுக்கலாம், வெட்டலாம், மொழிபெயர்க்கலாம். நம் பக்கம் பார்த்தால், தமிழ்நாட்டின் 2018 பாடநூல்களில் கியூ.ஆர். குறிகள் இருக்கின்றன, இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்கள் இருக்கின்றன. இரண்டும் நல்ல பணிகள். ஆனால் இலங்கைப் பாடநூலைத் திறந்தால் முழுப் பதிப்புரிமையுடையது என்று முதலிலேயே அச்சாகியிருக்கிறது. வரிப்பணத்தில் எழுதிய பாடத்தை வரி கட்டியவரின் பிள்ளைக்கு ஏற்றபடி திருத்த ஆசிரியருக்கு ஏன் உரிமை இல்லை?

நாங்கள் கேட்பது தமிழருக்குப் புதிதான ஏற்பாடும் இல்லை. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றது. பிறகு அவை மக்கள் சொத்தாயின. நாட்டுடைமை என்ற சொல்லை வாசகர் எல்லோரும் அறிவர். அப்படி நாட்டுடைமையான கல்கியின் நாவல்களை இன்று எத்தனை பதிப்பகங்கள் எத்தனை விலையில் அச்சிடுகின்றன, எத்தனை பேர் குரலில் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுகிறார்கள்! கதைக்குக் கிடைத்த அந்த வாழ்வு ஓம் விதிப் பாடத்துக்கும் கிடைக்கட்டும். 2019 நவம்பரில் யுனெஸ்கோ பொதுமாநாடு திறந்த கல்வி வளங்கள் பற்றிய பரிந்துரையை ஏற்றது. இந்தியா, இலங்கை இரண்டும் யுனெஸ்கோ உறுப்பு நாடுகளே.

திருத்தும் உரிமை எங்களுக்கு ஏன் இவ்வளவு அவசியம் என்பதற்கு ஒரு சொல்லே சாட்சி. தமிழ்நாட்டில் நிறை என்றால் கிலோகிராமில் அளப்பது. புவி இழுக்கும் விசை எடை. இலங்கையில் கிலோகிராமில் அளப்பது திணிவு; நிறை என்பது நியூட்டனில் அளக்கும் விசை. ஒரே சொல், இரண்டு வேறு இயற்பியல் அளவுகள். வேகமும் அப்படித்தான். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு வேகம் திசை இல்லாதது, திசையோடு சேர்ந்தால் திசைவேகம். இலங்கையில் திசை இல்லாதது கதி, திசையுள்ளதே வேகம். முடுக்கம் அங்கே ஆர்முடுகல், எலக்ட்ரான் அங்கே இலத்திரன். ஆக, தமிழ்நாட்டில் நன்றாக எடுத்த ஒரு காணொளி யாழ்ப்பாணத்து மாணவனைத் தவறான விடைக்கே கொண்டுபோகக்கூடும். எந்த வழக்கு உயர்ந்தது என்று நாங்கள் வாதாடவில்லை. இரண்டும் நம்முடையவை. மூலக்கோப்பும் உரிமையும் கையில் இருந்தால் ஒரு மாலை நேர வேலையில் சொற்களை மாற்றிவிடுவோம். இல்லாவிட்டால் பாடம் முழுவதையும் மறுபடி தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும்.

எழுத்துருவும் இதில் சேர்ந்ததே. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பாடக்குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. அந்த எழுத்துரு இல்லாத செல்பேசியில் அவை குப்பை எழுத்துகளாகவே தெரியும், தேடினாலும் சிக்காது, பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானும் அவற்றைப் படிக்காது. இனி வருபவை யூனிகோடில் மட்டும் வரட்டும்.

இனி ஆய்வகம். திரையில் மின்கம்பி எப்போதும் சுத்தமாக இருக்கும். மேசையில் அப்படியில்லை. கம்பி முனையை உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் அம்மீட்டர் முள் தடுமாறும். முள்ளை நேர்கோட்டில் பார்க்காதவர் தவறாகவே குறித்துக்கொள்வார். தரம்பார்த்தலில் கடைசித் துளி விழுந்து பினாப்தலீன் மெல்லிய இளஞ்சிவப்பாகும் அந்த நொடிக்கு விரல் பியூரெட்டின் திருகில் இருக்க வேண்டும். அளவீட்டில் பிழை எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளை அங்கேதான் கற்கிறது. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் ஆய்வகப் பூட்டைத் திறக்கும் பள்ளிகளை நாங்கள் அறிவோம். அந்தப் பூட்டுக்கு சிமுலேஷனைச் சாக்காகச் சொல்ல நாங்கள் துணைபோகமாட்டோம்.

கையையும் இணையத்தையும் சேர்த்துவைக்கும் வளங்களும் உண்டு. எங்களுக்கு மிகப் பிடித்தவை அவைதாம். இரண்டு ஊக்கு, ஒரு பேட்டரி, ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள் கொண்டு மோட்டார் சுழற்றும் வழியை அறிவியல் பொம்மைகள் செய்துகாட்டும் அரவிந்த் குப்தா உலகத்துக்கே இலவசமாகக் காட்டினார். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் செயலி, செல்பேசியின் முடுக்கமானியையும் மைக்கையும் அளவுகருவிகளாக்குகிறது. செல்பேசியைக் கயிற்றில் கட்டி ஊசலாக ஆட்டலாம். கயிறு ஒரு மீட்டர் என்றால் போய்வர ஏறக்குறைய 2 நொடி. அந்த இரண்டையும் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டுப் பாடநூலின் 9.8ஓடு ஒப்பிடலாம். விடை சற்றே விலகும். ஏன் விலகியது என்று பேசத் தொடங்கினால் ஒரு பாடவேளை போதாது.

ஒன்றை வருத்தத்தோடு சொல்கிறோம். இலவசப் பாடம் என்று சொல்லி மாணவரின் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, பிறகு பயிற்சி வகுப்பில் சேரச் சொல்லி இரவும் பகலும் பெற்றோரை அழைத்த செயலிகளை எங்கள் மாணவர் குடும்பங்கள் அனுபவித்திருக்கின்றன. கூலிவேலைக்குப் போயிருந்த ஒரு தாய் அந்த அழைப்பைப் பள்ளியிலிருந்து வந்ததாக எண்ணிப் பாதி நாளில் ஓடிவந்தார். பெயர், எண், பிறந்த தேதி கேட்டுத்தான் திறக்கும் எதையும் நாங்கள் வகுப்பில் பரிந்துரைக்கமாட்டோம்.

அரசிடம் கேட்பதை எங்களிடமும் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் உறுப்பினர்கள் தயாரித்த பயிற்சித்தாள்கள், செய்முறைக் குறிப்புகள், படங்கள் அனைத்தையும் கிரியேட்டிவ் காமன்ஸ் திறந்த உரிமத்தில், யூனிகோடில், மூலக்கோப்போடு தருகிறோம். ஒவ்வொன்றும் தமிழ்நாட்டுச் சொற்களில் ஒன்று, இலங்கைச் சொற்களில் ஒன்று என இரண்டு வடிவில் வரும். பிழை கண்டால் எழுதச் சொல்வதோடு நிற்கமாட்டோம். நீங்களே திருத்தி வெளியிடவும் உங்களுக்கு உரிமை உண்டு. முதலில் வருவது எட்டாம் வகுப்புக்கான நிறை, எடை, திணிவு பயிற்சித்தாள்.