கணினி கற்றால் வேலை வந்துவிடுமா?

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினியும் ஆங்கிலமும் கற்பித்துவிட்டால், வெளிநாட்டு நிறுவனங்கள் தம் பணிகளைச் செலவு குறைந்த நாடுகளிடம் ஒப்படைக்கும் ‘அவுட்சோர்சிங்’ முறையின் வழியே இலங்கையின் பதுளைக்கும் வேலை வந்து சேரும் என்பது மேடைகளிலும் திட்ட அறிக்கைகளிலும் கேள்வியின்றி ஏற்கப்படும் நம்பிக்கை. வேலையின்மைக்கு இளைஞரின் திறன்குறைவே காரணம் என்று கொள்ளும் இக்கருத்து, வேலை எங்கே நிலைகொள்ளும் என்பதைத் தீர்மானிக்கும் காரணிகளைக் காண மறுக்கிறது.

2003ஆம் ஆண்டின் சட்டத்தால் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் உருவானது. அதன் ‘அறிவகம்’ எனும் பொதுக் கணினி நிலையங்கள் கிராமங்களை எட்டின. 2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் எழுந்தது. ஆயினும் அவுட்சோர்சிங் துறையின் அலுவலகங்கள் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையுமே பெரிதும் பற்றிநிற்கின்றன. பயிற்சி பெற்றோரில் வேலை கண்டவர் பலரும் அங்கேயே குடிபெயர நேர்ந்தது. சேவை ஏற்றுமதி வருமானத்துக்கு அரசு அளித்துவந்த வரிச்சலுகை அலுவலகம் கொழும்பில் இருந்தாலும் பதுளை மாவட்டத்துப் பசறையில் இருந்தாலும் ஒன்றாகவே இருந்ததால், மலையேறி வருவதற்கு எந்த நிறுவனத்துக்கும் காரணம் இருக்கவில்லை.

வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்ற மறுமொழி, தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசைக் குடியிருப்பான லயத்தை அறியாதது. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவுள்ள ஓர் அறையில் குடும்பமே உறங்கும்போது, அமெரிக்காவின் பகலுக்கு ஏற்ப நள்ளிரவில் தொலைபேசியில் பேசுவதற்கு இடமேது? தனி முகவரி இல்லாத லயங்களுக்கு வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியே சுற்றிவருவதால், நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும் நாள் கடந்து கைக்குக் கிடைப்பதுண்டு. காணி உறுதி, அதாவது நிலவுரிமைப் பத்திரம், இல்லாதவருக்கு வங்கியில் ஈடுவைத்துத் தொழில் தொடங்கக் கடன் பெறவும் வழியில்லை. இவற்றில் எதையும் ஆறு மாதக் கணினிச் சான்றிதழ் தீர்க்காது.

மேலும், பணியை அனுப்பும் நாடே அதைத் திரும்ப அழைத்துக்கொள்ளக்கூடும். 2010இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநில ஆளுநர், மாநில அரசின் பணத்தில் பெறப்படும் சேவைகளை வெளிநாட்டில் செய்விப்பதைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். அங்கு தன் மக்களின் வேலையைக் காக்க அரசின் கொள்முதல் கருவியானதென்றால், இங்கு வேலையை உருவாக்க அதே கருவி ஏன் பயன்படக்கூடாது?

பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டும், அரச அலுவலகங்களில் தமிழில் பணியாற்றுவோர் போதாமை நீடிக்கிறது. ஆவணங்களைக் கணினிமயமாக்குதல், மொழிபெயர்த்தல் போன்ற பணிகளை, சிங்களமும் தமிழும் அறிந்த பதுளை அடங்கிய ஊவா மாகாண இளைஞருக்கென அம்மாகாணத்துக்குள்ளேயே ஒதுக்குவதும், தோட்டக் கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கும் அரச நிலத்திலிருந்து வீட்டுக் காணிக்கு உறுதி வழங்குவதும் அரசின் கைக்கு எட்டியவை. அவற்றைச் செய்யாது பயிற்சி வகுப்புகளை மட்டும் பெருக்குவது, தன் பொறுப்பைத் தோட்டத்துப் பிள்ளைகளின் தலையில் கட்டுவதன்றி வேறல்ல.