பந்திக்கு முந்துகிறவர்கள்

மார்ச் மாத நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அமெரிக்காவில் யார் வீட்டிலாவது இருந்திருக்கிறீர்களா? நான் ஒருமுறை மைத்துனர் வீட்டில் மாட்டிக்கொண்டேன். காபி கேட்டால்கூட ஒருத்தரும் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. டி.வி.யில் மேட்ச் எதுவும் ஓடவில்லை. கோட்டு சூட்டு போட்ட நாலு பேர் காலேஜ் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னடா, ரிசல்ட்டா?” என்றேன்.

“இல்ல மாமா, யார் யார் விளையாடப் போறாங்கன்னு சொல்றாங்க” என்றான் மைத்துனர் பையன்.

விளையாடுவதற்கு முன்பே பாதி விளையாட்டு முடிந்துவிடுகிற ஊர் அது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் முதல் டிவிஷனில் மட்டும் 360-க்கும் மேலே டீம்கள். எல்லோரும் ஆளுக்கொரு கான்ஃபரன்ஸில், அதாவது லீக்கில், இருக்கிறார்கள். நவம்பரில் ஆரம்பித்து நாலு மாதம் ஆடித் தீர்த்தபிறகு, என்.சி.ஏ.ஏ. நடத்தும் பெரிய போட்டி. 2025-ல் அதில் 68 டீம்களுக்கு இடம். 31 பேர் தங்கள் கான்ஃபரன்ஸில் ஜெயித்து, உரிமையோடு உள்ளே வந்தவர்கள். மீதி 37 இடமும் 12 பேர் கொண்ட ஒரு தேர்வுக் குழுவின் தயவு. யார் உள்ளே, யார் வெளியே, உள்ளே வந்தவனுக்கு என்ன நம்பர், எல்லாம் அவர்கள் கையில்.

அந்த நம்பருக்குத்தான் சீடிங் என்று பெயர். நாற்று நடுகிற மாதிரி பலசாலிகளை அட்டவணை முழுக்க இடைவெளி விட்டு நடுவது. 68 பேரையும் வரிசைப்படுத்தி, நாலு மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை எண் கொடுக்கிறார்கள். ஒன்றாம் நம்பர் பதினாறோடு மோதும், இரண்டு பதினைந்தோடு, இப்படியே போய் எட்டு ஒன்பதோடு. (நடுவில் ஒரு சமாசாரம்: பிரிகாம் யங் பல்கலைக்கழகம் மத நம்பிக்கை காரணமாக ஞாயிற்றுக்கிழமை ஆடாது. அவர்கள் உள்ளே வந்தால், வியாழன், சனி ஆட்டம் இருக்கும் இடமாகப் பார்த்துப் போட வேண்டும். இதை மதித்து அட்டவணையையே மாற்றுகிறார்களே, அதற்காக ஒரு சபாஷ்.)

நம்பரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 64 டீம் முறை வந்த 1985 முதல் 2025 வரை, ஒன்றாம் சீடும் பதினாறாம் சீடும் மோதிய ஆட்டங்கள் 160. ஒன்றாம் சீடு ஜெயித்தது 158. தோற்றது இரண்டே தடவை. 2018-ல் வர்ஜீனியாவை மேரிலாண்ட் பால்டிமோர் கவுன்ட்டி டீம் 74-54 என்று துவைத்தது. 2023-ல் பர்டியூவை ஃபேர்லே டிக்கின்சன் 63-58 என்று சாய்த்தது. ஆகக்கூடி, ஒன்றாம் நம்பர் என்பது அடுத்த சுற்றுக்கு ரிசர்வ் செய்த டிக்கெட். எட்டாம் நம்பர் சாபம். சமபலம் உள்ள ஒன்பதோடு மல்லுக்கட்டி ஜெயித்தால், அடுத்த ஆட்டத்திலேயே அந்த ஒன்றாம் நம்பர் எதிரே நிற்கும். பத்தாம் நம்பர்காரனுக்கு அந்தத் தலைவலி இல்லை. எட்டைவிடப் பத்து தேவலாம் என்கிற அளவுக்கு விசித்திரமான வரிசை!

2021-ல் சிகாகோ லயோலா காலேஜுக்கு நடந்தது அதுதான். என்.சி.ஏ.ஏ.வின் சொந்தக் கம்ப்யூட்டர் தரவரிசையே அவர்களுக்குப் பத்தாவது இடம் கொடுத்திருந்தது. அந்தக் கணக்குப்படி மூன்றாம் சீடு வர வேண்டும். குழு கொடுத்தது எட்டு. சின்ன கான்ஃபரன்ஸ் பையன்கள்தானே! இரண்டாவது ஆட்டத்தில் ஒன்றாம் சீடு இலினாயை 71-58 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ‘பார்த்தாயா, திறமை இருந்தால் சீடிங் தடையா?’ என்பார்கள் சிலர். ஐயா, தண்டனை இலினாய்க்கும்தானே? வருஷம் பூராவும் உழைத்து முதலிடம் வாங்கியவனுக்குப் பரிசாக, இரண்டாவது சுற்றிலேயே நாட்டின் முதல் பத்து டீம்களில் ஒன்றை எதிரே நிறுத்தினால் அதற்குப் பெயர் முதலிடமா?

சரி, எதை வைத்து அளக்கிறார்கள்? 1981 முதல் ஆர்.பி.ஐ. என்று ஒரு சூத்திரம் இருந்தது. நம் வெற்றி விகிதம் கால் பங்கு, எதிராளிகளின் வெற்றி விகிதம் அரைப் பங்கு, எதிராளியின் எதிராளிகள் கால் பங்கு. மட்டமான சூத்திரம்தான். ஆனால் பள்ளிக்கூடப் பையன் பென்சிலால் போட்டுப் பார்க்கலாம். 2018-ல் அதைத் தூக்கிவிட்டு ‘நெட்’ என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். அதன் முழுச் சூத்திரத்தை வெளியே சொல்லவில்லை. சமையல் ரகசியம்போலும்!

அந்தத் தரவரிசையை வைத்து ஜெயங்களை நாலு ரகமாகப் பிரிக்கிறார்கள். முதல்தர ஜெயம் வேண்டுமானால், சொந்த ஊரில் முதல் 30-க்குள் இருப்பவரை அடிக்க வேண்டும். பொது மைதானம் என்றால் 50-க்குள். எதிராளி ஊரிலேயே போய் அடித்தால் 75-க்குள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கோளாறு எங்கே என்றால், பெரிய கான்ஃபரன்ஸ்காரர்கள் சின்ன டீமின் ஊருக்கு ஆடப் போவது அபூர்வம். பணம் கொடுத்துத் தங்கள் ஊருக்கு வரவழைத்து அடித்து அனுப்புவார்கள், அதுவும் சுமாரான டீமாகப் பார்த்து. கொஞ்சம் நன்றாக ஆடுகிறவன் என்றால் போனையே எடுப்பதில்லை. பிறகு ஜனவரி, பிப்ரவரியில் தங்களுக்குள்ளேயே ஆடுகிறார்கள். ஜெயித்தால் முதல்தர ஜெயம். தோற்றால் ‘கௌரவமான தோல்வி’. மொய் விருந்து தெரியுமல்லவா? நான் உனக்கு எழுதுகிறேன், நீ எனக்கு எழுது. பத்திரிகையே வராதவன் எந்த நோட்டில் எழுதுவான்?

2025-ல் இந்த மொய் உச்சத்துக்குப் போனது. எஸ்.இ.சி. என்கிற கான்ஃபரன்ஸில் 16 டீம்கள். அதில் 14 பேர் உள்ளே. இது சாதனையாம். டெக்ஸாஸும் ஓக்லஹோமாவும் தங்கள் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் 18-ல் தலா ஆறுதான் ஜெயித்திருந்தன. பன்னிரண்டு தடவை தோற்றவன் தேசிய சாம்பியனாகத் தகுதி உள்ளவனா? முதல் ஆட்டத்திலேயே இரண்டும் வெளியே போனது வேறு விஷயம்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் போடுவீர்கள். அதே 2025-ல் கடைசி 16 டீம்களில் ஏழு எஸ்.இ.சி. டீம்கள். கடைசி நாலு பேரும் ஒன்றாம் சீடுகள். கோப்பையைத் தூக்கிய ஃப்ளோரிடாவும் எஸ்.இ.சி.தான். அப்படியானால் குழு சரியாகத்தானே கணித்தது? உச்சியில் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். முதல் நாலு பேரைக் கண்டுபிடிக்கக் குழு எதற்கு, என் மைத்துனர் பையனே சொல்வான். என் சண்டை கீழ்ப்படியில். முப்பத்தேழாவது நாற்காலி யாருக்கு என்பதில்.

அந்த வருஷம் கடைசி நாற்காலிகளில் ஒன்று வட கரோலினாவுக்குப் போனது. முதல்தர ஆட்டங்களில் அவர்கள் கணக்கு, ஒரு ஜெயம், பன்னிரண்டு தோல்வி. மேற்கு வர்ஜீனியாவுக்கு ஆறு ஜெயம், பத்து தோல்வி. அவர்கள் வெளியே. இதில் தமாஷ், அந்த வருஷம் தேர்வுக் குழுவின் தலைவரே வட கரோலினாவின் விளையாட்டு இயக்குநர் பப்பா கன்னிங்ஹாம். சொந்தக் காலேஜ் பற்றிப் பேசும்போது அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்பது விதி. போய்விட்டார். விதி மீறல் எதுவும் இல்லை, அவரைக் குற்றம் சொல்லவும் இல்லை. ஆனால் டீம் உள்ளே வந்தால் அவருக்கு ஒப்பந்தப்படி போனஸ் உண்டு. கதவுக்கு வெளியே தலைவர் நிற்கிறார், உள்ளே அவருடைய சகாக்கள் உட்கார்ந்து அவர் டீமைப் பற்றி ‘சுதந்திரமாக’ முடிவெடுக்கிறார்கள். எந்த ஊர் நியாயம் இது? மேற்கு வர்ஜீனியா கவர்னர் விசாரணை வேண்டும் என்று கிளம்பிவிட்டார். வட கரோலினா முதல் ஆட்டத்தில் சான் டியேகோ ஸ்டேட்டை 95-68 என்று அடித்தது. அடுத்ததில் மிசிசிப்பியிடம் தோற்றது. அந்த 95-ஐக் காட்டி ‘பார், தகுதியானவர்கள்தான்’ என்றார்கள். வாய்ப்புக் கொடுத்தால் மேற்கு வர்ஜீனியா என்ன அடித்திருக்கும்? சோதித்துப் பார்க்க வழியில்லையே!

இது வெறும் கௌரவப் பிரச்னை இல்லை சார், துட்டு. டி.வி. உரிமைக்கு 2025 முதல் 2032 வரையில் 880 கோடி டாலர். ஒரு டீம் ஆடுகிற ஆட்டத்துக்கு அதன் கான்ஃபரன்ஸுக்கு ‘யூனிட்’ என்று ஒரு பங்கு. ஆறு வருஷத்தில் தவணையாக வந்து சேர்வது சுமார் 20 லட்சம் டாலர். 14 டீம் அனுப்புகிறவன் அந்தப் பணத்தில் இன்னும் நல்ல கோச்சை, நல்ல ஆட்டக்காரனை வாங்குவான். அடுத்த வருஷம் ‘பார்த்தாயா, நாங்கள்தான் பலசாலி’ என்பான். ஒரு டீம் அனுப்புகிறவன் பஸ் வாடகை பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், சொந்த கான்ஃபரன்ஸில் பாதி ஆட்டமாவது ஜெயிக்காதவனுக்கு அந்த 37-ல் இடம் கிடையாது. இந்த விதியால் 2025-ல் ஆர்க்கன்சாஸ் வெளியே போயிருக்கும். கான்ஃபரன்ஸில் எட்டு ஜெயம், பத்து தோல்வி. ஆனால் பத்தாம் சீடாக வந்து கடைசி 16 வரை போனார்கள். நல்ல டீமைத்தான் இழந்திருப்போம், மறுக்கவில்லை. பரவாயில்லை என்கிறேன். பதினெட்டு சான்ஸ் கிடைத்தவன் ஒருமுறை வீட்டில் உட்காரட்டும். சூத்திரத்தை முழுசாக வெளியிடு. வேலையில் இருக்கும் விளையாட்டு இயக்குநர்களையும் கான்ஃபரன்ஸ் கமிஷனர்களையும் குழுவிலிருந்து எடு. ஓய்வுபெற்ற கோச்சுகள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே.

இந்தியானா ஸ்டேட் என்று ஒரு காலேஜ். லாரி பேர்டு படித்த காலேஜ். எல்லா டீம்களுக்கும் சீடு கொடுத்த முதல் வருஷம் 1979. அந்த வருஷம் இந்தியானா ஸ்டேட் தங்கள் மண்டலத்தில் ஒன்றாம் சீடு, இறுதி ஆட்டம் வரை தோல்வியே கிடையாது. அங்கே மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டிடம் தோற்றார்கள். அதே காலேஜ் 2024-ல் 28 ஜெயம், ஆறே தோல்வி. கான்ஃபரன்ஸ் லீக்கில் முதலிடம், கம்ப்யூட்டர் தரவரிசையில் 30-க்குள். கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் டிரேக்கிடம் நாலு பாயின்ட்டில் தோற்ற ஒரு மாலைக்காக, அழைப்பு வரவில்லை. இரண்டாம்தரப் போட்டியான என்.ஐ.டி.யில் ஆடி, அங்கேயும் இறுதி ஆட்டம் வரை போய், செட்டன் ஹாலிடம் இரண்டே பாயின்ட்டில் தோற்றார்கள். சில நாட்களில் கோச் ஜாஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸ் பல்கலைக்குப் போனார். மூக்குக் கண்ணாடி போட்ட அவர்களின் நட்சத்திர ஆட்டக்காரர் ராபி அவிலாவும் பின்னாலேயே போய்விட்டார். அழைப்பு வந்திருந்தாலும் போயிருப்பார்கள் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் போவதற்கு முன்னால் அந்தப் போட்டியில் ஒரு ஆட்டமாவது ஆடிவிட்டுப் போயிருப்பார்கள்.